செத்துச் செத்துப் பிழைக்கும் பெட்டி

வீட்டுக் கம்ப்யூட்டர் கேட்காமல் கொள்ளாமல் அணைந்து, தானாகவே மறுபடி உயிர்பெற்று எழுந்தால், வரவழைக்கப்படும் டெக்னீஷியன் சொல்லும் முதல் வார்த்தை டெல்லியிலும் ஒன்றுதான், கொல்கத்தாவிலும் ஒன்றுதான்: ஃபார்மட். அதாவது டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. இரண்டு மணி நேர வேலை, சில நூறு ரூபாய் கூலி. மகளின் ப்ராஜெக்ட், அப்பாவின் வருமான வரிக் கணக்கு, பத்து வருடக் கல்யாண, காதுகுத்துப் போட்டோக்கள் எல்லாம் அந்தத் துடைப்பில் போகும். நான்காவது நாள் கம்ப்யூட்டர் மீண்டும் அணைந்து எழும். இந்த முறை, 'ராம் போயிருக்கும் சார்' என்பார். அதற்கடுத்து மதர்போர்டு. அதற்கும் அடுத்து, 'பழைய பெட்டி, புதுசே வாங்கிடுங்க.' புதுசும் வரும். வந்த பத்தாம் நாள் அதுவும் அணைந்து எழும்போதுதான், சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டை யாரும் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது வீட்டுக்காரருக்கு உறைக்கும்.

தானாக ரீஸ்டார்ட் ஆவது காய்ச்சல் மாதிரி. ஏதோ சரியில்லை என்பதைச் சொல்லும். எது சரியில்லை என்பதைச் சொல்லாது. கரண்ட் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் தடுமாறியிருக்கலாம். பிராஸசர் கொதித்திருக்கலாம். மெமரிச் சில்லு ஒன்று பிசகியிருக்கலாம். ஒரு டிரைவர் சாஃப்ட்வேர் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் கைவைத்திருக்கலாம். வெளியே தெரிவது எல்லாவற்றுக்கும் ஒன்றே. இந்த நான்கில் ஃபார்மட் தீர்க்கக்கூடியது கடைசி ஒன்றைத்தான். அதையும் பெரும்பாலும் ஃபார்மட் இல்லாமலே தீர்த்துவிடலாம். மற்ற மூன்றுக்கும் ஃபார்மட் போடுவது, ஓட்டைப் பானையைக் கழுவித் துடைத்து மறுபடி தண்ணீர் ஊற்றுகிற கதை.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு வேலை உண்டு. முக்கியமான ஃபைல்களை வெளியே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை பட்டென்று அறுபடும்போதும், டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்த சமாச்சாரம் அரைகுறையாக நிற்கிறது. இன்று பிழைத்த ஃபைல் நாளை பிழைக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பெட்டி பத்து நிமிடம்தான் தாக்குப்பிடிக்கிறது என்றால், அந்தப் பத்து நிமிடமும் போட்டோக்களுக்கே சொந்தம். ஆராய்ச்சியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வேண்டியது ஸ்குரூ டிரைவர்கூட இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு முறை அணையும்போதும் தேதி, நேரம், அப்போது கம்ப்யூட்டரில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று இரண்டு வரி. 'என்ன கோளாறு?' என்று கேட்கிற டெக்னீஷியன்கள் ஏராளம். 'எப்போது?' என்று கேட்பவர்தான் அபூர்வம். ஆனால் பாதி வைத்தியம் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் உறுமத் தொடங்கும் வேளையில் அணைகிறதா? மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை உறிஞ்சும். வயரிங் பழையதென்றால் அந்த நொடியில் வீடு முழுக்க வோல்டேஜ் குனியும். கேம் ஆடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ மட்டும் அணைகிறதா? சுமையைத் தாங்காத எஸ்எம்பிஎஸ்ஸோ சூடோ காரணமாக இருக்கலாம். காலையில் முதல் தடவை ஸ்விட்ச் போடும்போது இரண்டு மூன்று முறை இடறிவிட்டு அப்புறம் நாளெல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா? வயதான கப்பாஸிட்டரோ, மெமரி கார்டின் இடுக்கில் ஏறிய களிம்போ சந்தேகத்துக்குரியவை. யாருமே தொடாத நடுராத்திரியில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறதா? அது பேயுமல்ல, வைரஸுமல்ல. விண்டோஸ் அப்டேட் வந்துபோயிருக்கும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்: அணைந்து அப்படியே கிடக்கிறதா, அணைந்து தானாக எழுகிறதா? பிராஸசரின் சூடு எல்லை மீறினால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பெட்டியை ஒரேயடியாக அணைத்துவிடும். கை வைத்து ஸ்விட்ச் போடும்வரை பெரும்பாலும் எழுந்திருக்காது. உடனே தானாக எழுகிறதென்றால் கரண்டில் ஏற்பட்ட சிறு தடுமாற்றமாகவோ விண்டோஸே போட்ட உத்தரவாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அந்த உத்தரவு விஷயத்தில் மைக்ரோசாஃப்ட் செய்து வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு விசித்திரமானது. விண்டோஸுக்குள் மீள முடியாத கோளாறு நேர்ந்தால் நீலத் திரை வரும், அதில் காரணம் எழுதியிருக்கும். 1998 ஏப்ரலில் பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே, விண்டோஸ் 98-ஐச் செய்து காட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு ஸ்கேனரைச் செருகியதும் பின்னால் இருந்த பெரிய திரையில் வந்து நின்றதே, அதே நீலத் திரைதான். (2025-ல் விண்டோஸ் 11 அதைக் கறுப்பாக்கிவிட்டது. இனி திட்டுவதற்குப் புதுப் பெயர் தேட வேண்டும்.) ஆனால் எக்ஸ்பி காலத்திலிருந்து, கோளாறு நேர்ந்தவுடன் தானாக ரீஸ்டார்ட் செய் என்பதே விண்டோஸின் இயல்பான அமைப்பு. விளைவு, காரணம் எழுதிய திரை கண்ணில் படுவதற்குள் ஓடிவிடுகிறது. சாட்சி வாயைத் திறக்கும்போதே வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிற மாதிரி.

இதை மாற்ற ஒரு நிமிடம் போதும். கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அதில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், அதற்குள் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி' என்ற பகுதி. அங்கே 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். இனி விண்டோஸ் விழுந்தால் திரை அப்படியே நிற்கும். அதில் இருக்கும் வார்த்தைகளை செல்போனில் படம் பிடித்துக்கொள்ளலாம். இந்தச் சிறு மாற்றத்தின் உண்மையான மதிப்பு வேறு. டிக்கை எடுத்த பிறகும் எந்தத் திரையும் காட்டாமல் பெட்டி சட்டென்று அணைந்து எழுந்தால், ரீஸ்டார்ட்டுக்கு விண்டோஸ் உத்தரவு போடவில்லை என்று அநேகமாக உறுதியாகிவிடுகிறது. வழக்கு சாஃப்ட்வேரிலிருந்து மின்சாரத்துக்கும் ஹார்ட்வேருக்கும் மாறுகிறது. ஃபார்மட் பேச்சு அதோடு முடிந்தது.

விண்டோஸ் ஒரு டைரியும் வைத்திருக்கிறது. ஸ்டார்ட் பகுதியில் 'ஈவன்ட் வியூவர்' என்று டைப் செய்தால் திறக்கும். அதில் 'சிஸ்டம்' என்ற பிரிவில், அணைந்த நேரத்தையொட்டி 'கெர்னல் பவர் 41' என்று சிவப்புக் குறியோடு ஒரு வரி இருக்கும். இதைப் பார்த்துவிட்டு 'பவர் என்று போட்டிருக்கிறதே' என எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடியவர்கள் பலர். உண்மையில் அந்த வரி சொல்வதெல்லாம், 'போன தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை' என்பதுதான். மறுபடி எழுந்த பிறகு எழுதப்படுகிற குறிப்பு அது. நேற்று நான் செத்துப்போனேன் என்று மறுநாள் எழுந்து உட்கார்ந்து டைரி எழுதுவது போல. எதனால் செத்தோம் என்று அதற்கே தெரியாது. அந்த வரியின் விவரப் பகுதியில் 'பக்செக் கோட்' என்ற எண் பூஜ்யமாக இருந்தால், நீலத் திரை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். சந்தேகம் மறுபடி மின்சாரத்தின் பக்கம் திரும்பும். 1074 என்ற எண் தென்பட்டால் கவலையில்லை. ஏதோ ஒரு புரோகிராம் முறைப்படி கேட்டுத்தான் ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. எந்தப் புரோகிராம் என்ற பெயரும் பக்கத்திலேயே இருக்கும்.

இந்திய வீடுகளில் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மீது விழுவதே நியாயம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை எஸ்எம்பிஎஸ் என்ற தகரப் பெட்டி 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றிக் கொடுக்கிறது. எல்லாம் அளவோடு இருக்கும்வரை 'பவர் குட்' என்ற சிக்னலை ஒரு தனிக் கம்பியில் மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த சிக்னல் ஒரு கண்ணிமைப்பு நேரம் விழுந்தால் போதும், பிராஸசர் எல்லாவற்றையும் கைவிட்டு முதலிலிருந்து தொடங்கும். கரண்ட் அறுந்தால் எஸ்எம்பிஎஸ் எவ்வளவு நேரம் சமாளிக்கும்? முழுச் சுமையில் சுமார் 16, 17 மில்லி விநாடி சமாளித்தால் போதும் என்பதுதான் தரக் குறிப்பு. நம் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லி விநாடி. அதாவது ஒரே ஒரு சுற்று தவறினால்கூட, மூச்சுமுட்ட வேலை செய்துகொண்டிருக்கும் பெட்டி விழக்கூடும். 'டியூப்லைட்கூடச் சிமிட்டலையே' என்று வீட்டில் சாதிப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத தடங்கல் அது.

'எங்கள் வீட்டில்தான் யூபிஎஸ் இருக்கிறதே' என்பது அடுத்த பதில். இருக்கிறது, ஆனால் அதன் பேட்டரி இருக்கிறதா? வீட்டு யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்று. இரண்டு மூன்று வருடத்தில் அது ஓய்ந்துவிடும். சூடான அறையில் இன்னும் சீக்கிரம். ஓய்ந்த பிறகும் பல யூபிஎஸ்களில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். கரண்ட் இருக்கும்வரை அதன் வழியாகவே கம்ப்யூட்டருக்கு நேராகப் போகும். ஒரு நொடி தடுமாறினால், காப்பாற்ற வேண்டியவர் கையை விரிப்பார். சோதிப்பது சுலபம். எல்லா ஃபைல்களையும் சேவ் செய்து மூடிவிட்டு, சுவர் ஸ்விட்ச்சை அணைக்க வேண்டும். (பிளக்கைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் எர்த் இணைப்பும் போய்விடும்.) கம்ப்யூட்டர் அந்தக் கணமே விழுந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். புது பேட்டரி ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். புது கம்ப்யூட்டர் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. இதே யூபிஎஸ்ஸில் லேசர் பிரின்டரையும் செருகியிருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். தாளில் மையை உருக்கி ஒட்டும் உருளை சூடேறும் கணத்தில் அது இழுக்கும் கரண்டைச் சின்ன யூபிஎஸ் தாங்காது.

இன்னும் நிறைய வீடுகளில் தனி யூபிஎஸ் கிடையாது. ஃபேனுக்கும் விளக்குக்கும் வாங்கிய இன்வெர்ட்டர்தான் கம்ப்யூட்டருக்கும். கரண்ட் போகிறது, ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. வருடக்கணக்காக இதை விதியென்று சகித்துக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. விடை பல நேரங்களில் இன்வெர்ட்டரின் முதுகில் இருக்கிறது. அங்கே ஒரு சின்ன ஸ்விட்ச், ஒரு பக்கம் 'யூபிஎஸ்', மறு பக்கம் 'நார்மல்' அல்லது 'ஈகோ' என்று போட்டிருக்கும். மாட்டிவிட்டுப் போனவர் எதில் வைத்தாரோ அதிலேயே அது இருக்கும். யூபிஎஸ் நிலையில் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் பத்துப் பதினைந்து மில்லி விநாடிதான். வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே போனாலே சுதாரித்துக்கொள்ளும். மற்ற நிலையில் மாறுவதற்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகலாம். வோல்டேஜ் 100-ஐ ஒட்டி இறங்கும்வரை வாளாவிருக்கும். ஃபேனுக்கு அது போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. விரலால் ஒரு தள்ளு, செலவு பூஜ்யம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் மட்டும் இது உதவாமல் போகலாம். இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சிலவற்றுக்கு அந்த முரட்டுக் கரண்ட் ஒத்துக்கொள்வதில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இன்னொரு மர்மக் குகை. கம்ப்யூட்டர், மானிட்டர், மோடம், ஸ்பீக்கர், செல்போன் சார்ஜர், கொசு விரட்டி எல்லாம் ஒரே பாக்ஸில். உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்திருக்கும். யாராவது நாற்காலியை நகர்த்தினாலே ஒயர் அசையும், பெட்டி அணையும். ஒரு நாள் முழுக்கக் கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பாயின்ட்டில் செருகி ஓட்டிப் பார்ப்பது இலவசப் பரிசோதனை. கேபினட்டைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எர்த் இல்லாத வீட்டில், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டிக் கப்பாஸிட்டர்கள் வழியாக மெயின்ஸின் ஏறக்குறையப் பாதி வோல்டேஜ் அந்தத் தகரத்தில் ஏறி நிற்கும். கசியும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் அந்த நிலையில் ஒரு பென்டிரைவைச் செருகும்போது பெட்டி விழுவதில் ஆச்சரியமில்லை. இதற்குக் கூப்பிட வேண்டியவர் கம்ப்யூட்டர்காரர் அல்ல, எலெக்ட்ரீஷியன். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கும் கன்வர்ட்டர் எங்கே செருகியிருந்தாலும் அதைக் குப்பையில் போட்டுவிடலாம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் எஸ்எம்பிஎஸ். நேரு பிளேஸிலோ லாமிங்டன் ரோட்டிலோ எஸ்.பி. ரோட்டிலோ ரிச்சி தெருவிலோ அசெம்பிள் செய்யப்பட்ட பெட்டியென்றால், பிராஸசருக்கும் மெமரிக்கும் ஆயிரம் யோசனை செய்தவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸைக் கேபினட்டோடு வந்ததாகவே விட்டிருப்பார்கள். லேபிளில் 450 வாட்ஸ் என்று போட்டிருக்கும். போட்டிருப்பதற்குத் தடையேதும் இல்லை. நல்ல எஸ்எம்பிஎஸ் கையில் எடுத்தால் கனமாக இருக்கும் என்பது பழைய கடைக்காரர்களின் கணக்கு. சாஸ்திரீயமில்லை என்றாலும் அவ்வளவு மோசமான கணக்குமில்லை. 12 வோல்ட் கம்பி 11.4-க்குக் கீழே இறங்கினால் தரக் குறிப்பின் எல்லையைத் தாண்டிவிட்டது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி, நன்றாக ஓடுகிற இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரண்டு நாள் மாட்டிப் பார்ப்பது. தெரிந்த கடையென்றால் மறுக்க மாட்டார்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

விண்டோஸா, ஹார்ட்வேரா என்ற பட்டிமன்றத்துக்கு எளிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. பெட்டியை ஆன் செய்தவுடன் டிலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை திறக்கும். அங்கேயே ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் விண்டோஸ் இன்னும் உள்ளேயே வரவில்லை. அங்கேயும் அணைந்து எழுந்தால் விண்டோஸ் நிரபராதி. ஃபார்மட் என்று இனி யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடலாம். அங்கே அணையவில்லை என்பதால் மட்டும் ஹார்ட்வேர் சுத்தம் என்று ஆகிவிடாது. பயாஸில் பெட்டிக்கு வேலையே கிடையாது. அதற்கு அடுத்த படி, பென்டிரைவிலிருந்தே ஓடும் உபுண்டு லினக்ஸைப் போட்டு, டிஸ்க்கைத் தொடாமல் ஒரு நாள் வேலை பார்ப்பது.

அதே பயாஸ் திரையில் பிராஸசரின் சூடும் தெரியும். சும்மா இருக்கும்போதே 70, 80 டிகிரி என்று காட்டினால் விஷயம் தெளிவு. இந்த நாட்டில் விற்ற கம்ப்யூட்டர் மேஜைகளைச் செய்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் காற்று வாங்கும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கீழே மூன்று பக்கமும் பலகை அடைத்த ஓர் அறை, முன்னால் கதவு வேறு. வெளியே தள்ளிய வெந்த காற்றையே பெட்டி திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே எம்பிராய்டரி போட்ட உறை. மே மாதத்து நாக்பூரில் அறையே 40 டிகிரியைத் தாண்டும்போது, பெட்டிக்குள் குளிர்ச்சிக்கு எங்கே போவது? டெல்லியில் கூலர் எதிரேயே கம்ப்யூட்டரை வைக்கிறார்கள். ஈரமும் தூசியும் சேர்ந்து விசிறியில் களிமண்ணாகவே படியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதினாலே பாதி நோய் போகும். ஐந்தாறு வருடப் பெட்டியென்றால் பிராஸசருக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் ஸிங்க்குக்கும் நடுவே பூசிய பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும். துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் பத்து, பதினைந்து டிகிரி இறங்கிய பெட்டிகளும் உண்டு. லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து வேலை செய்கிறவர்கள் அடியிலுள்ள ஜன்னலை அடைத்துவிட்டு மூச்சுத் திணறுகிறதே என்கிறார்கள்.

மெமரியைப் பொறுத்தவரை மும்பை, சென்னை, விசாகப்பட்டினம் போன்ற கடற்கரை நகரங்களுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. பள்ளிக்கூட ரப்பர். மெமரி கார்டைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களை ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, மறுபடி கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுவது. உப்புக் காற்றில் ஏறிய களிம்பு போய்விடும். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்த வைத்தியம் பலித்த பெட்டிகள் கணக்கில் அடங்காது. பலிக்காவிட்டால், இரண்டு கார்டு இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸுக்குள்ளேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. இன்னும் கறாரான மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிடலாம். அதில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் கார்டை மாற்றத்தான் வேண்டும்.

யாரும் யோசிக்காத சில்லறைக் குற்றவாளிகள் சிலர் உண்டு. உள்ளே அமுங்கியபடியே சிக்கிக்கொண்ட ரீசெட் பட்டன். வளைந்த முள்ளோடு ஷார்ட் ஆகும் முன்பக்க யூஎஸ்பி வாய். ஸ்விட்ச்சுக்குள் குடியேறிய எறும்பு. அதே சமயம், நாணயம் போன்ற பயாஸ் பேட்டரி மீது போடப்படும் பழி பெரும்பாலும் அநியாயம். அது தீர்ந்தால் தேதி பின்னோக்கிப் போகும், அவ்வளவே.

தப்பான ஆளைப் பிடிப்பதன் விலை என்ன என்பதற்குக் கம்ப்யூட்டர் சரித்திரத்திலேயே உதாரணங்கள் இருக்கின்றன. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு பரவியபோது எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் 60 நொடிக் கெடு வைத்து ரீஸ்டார்ட் ஆயின. உலகெங்கும் ஃபார்மட் போட்டார்கள். பழைய சிடியிலிருந்து ஏற்றிய விண்டோஸில் அதே ஓட்டை அப்படியே இருந்ததால், இன்டர்நெட்டில் இணைந்த சில நிமிடங்களிலேயே புழு திரும்பி வந்தது. ஓட்டையை அடைக்கும் சாஃப்ட்வேரை மைக்ரோசாஃப்ட் அந்த ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது என்பதுதான் கொடுமை. அதே பத்தாண்டில் தரம் கெட்ட திரவம் நிரப்பிய கப்பாஸிட்டர்கள் மதர்போர்டுகளில் உப்பி வெடித்தன. அதைச் சரிசெய்வதற்காக டெல் நிறுவனம் 2005-ல் 30 கோடி டாலரைக் கணக்கில் ஒதுக்க நேர்ந்தது. தலை உப்பிய கப்பாஸிட்டரை ஃபார்மட் என்ன செய்யும்? மூடியைத் திறந்து கண்ணால் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

2024-ல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராஸசர்கள் சில தடுமாறியபோது, கேம் ஆடியவர்களின் திரையில் வந்த செய்தி வீடியோ மெமரி போதவில்லை என்பது. பழி கிராஃபிக்ஸ் கார்டு மீது விழுந்தது. கடைசியில் அதிக வோல்டேஜ் குடித்துக் கெட்டுப்போனது பிராஸசரே என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. பயாஸ் அப்டேட் கொடுத்து, வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. இந்த ரகப் பிராஸசர் வைத்திருப்பவர்கள் பயாஸை அப்டேட் செய்யாமல் வேறு எதையும் ஆராய்வது வீண். அதே வருடம் ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் தப்பான ஒரு ஃபைல் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைச் சாய்த்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸை பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களையும் யாரும் ஃபார்மட் போட்டு மீட்கவில்லை. சேஃப் மோடில் எழுப்பி, அந்த ஒரு ஃபைலை அழித்தார்கள்.

உண்மையிலேயே சாஃப்ட்வேர்தான் காரணம் என்று நீலத் திரை காட்டிக்கொடுத்தால் வழி அதுவேதான். சேஃப் மோடில் பெட்டி ஒழுங்காக ஓடுகிறதா? அப்படியானால் சமீபத்தில் வந்த டிரைவரோ அப்டேட்டோ புது ஆன்டிவைரஸோ எது என்று பார்த்து எடுக்க வேண்டும். 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடினால், எந்தத் தேதியில் எது ஏறியது, எந்தத் தேதியிலிருந்து விழ ஆரம்பித்தது என்று காலண்டர் மாதிரி காட்டும். நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மூன்றை ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. இதெல்லாம் பலிக்காதபோது, ஃபைல்கள் வெளியே பத்திரமாக இருக்கிறபோது, விண்டோஸைப் புதிதாக ஏற்றலாம், தப்பில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், ஏற்றுவது எந்த விண்டோஸ் என்பதையும் அப்போது யோசிக்க வேண்டியிருக்கும்.

பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக நேர்ந்தால், நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோவது நல்லது. 'அடிக்கடி ஆஃப் ஆகுது' என்பதைவிட, 'கேம் போட்டு இருபதாவது நிமிடம், நீலத் திரை இல்லாமல், நேராகச் சுவர் பாயின்ட்டில் செருகியிருந்தும்' என்பது எந்த டெக்னீஷியனையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். கடையில் எல்லாம் ஒழுங்காக ஓடி, வீட்டுக்கு வந்ததும் மறுபடி விழுந்தால் பாதகமில்லை. குற்றவாளி வீட்டுச் சுவரில் இருப்பதாகக் கடை இலவசமாகச் சொல்லிவிட்டது. மெமரி, டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு இவற்றின் சீரியல் நம்பர்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதில் யாரும் கோபித்துக்கொள்ள நியாயமில்லை. எதையாவது மாற்றினால் பழையதைக் கையோடு கேட்டு வாங்கிவிட வேண்டும். விண்டோஸ் நிரபராதி என்று பயாஸ் சோதனையில் தெரிந்துவிட்டிருந்தால், டிஸ்க்கைக் கழற்றி வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸையும் மெமரியையும் சோதிக்க, கடைக்காரரின் ஒரு பென்டிரைவ் போதும்.